மாமனுக்கு ஆகாத மேல்பல்

இருளாயியை நல்லவள் என்று நான் சொல்லப்போவதில்லை. கூடப்பிறந்த அண்ணன் கையை எலும்பு தெரியக் கடித்தவளை யார் நல்லவள் என்பார்கள்? ஆனால் அவளைப் பழித்துப் பேசும் எங்கள் பழங்காநத்தத்துக்காரர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நடந்ததை முழுதாகத் தெரிந்துகொண்டு பேசட்டும்.

1928இல் அவளுக்குத் தலைப்பிள்ளையாக மாயக்காள் பிறந்தாள். எட்டாம் மாதம் பல் முளைத்தது. மற்றப் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் கீழ்ப்பல்தான் முதலில் வரும். இவளுக்கோ மேலே இரண்டு வந்தன. மேல்பல் முதலில் முளைத்தால் தாய்மாமனுக்கு ஆகாது என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. மாமன் உக்கிரபாண்டி, கப்பலூர் சாலையில் மாட்டுக்கு லாடம் அடிப்பவன், முரடன். கீழ்ப்பல் வரும்வரை மறைத்துவிட்டால் போதும் என்று இருளாயி நினைத்தாள். யாராவது பிள்ளையைக் கொஞ்ச வந்தால் அதன் வாயை முந்தானையால் மூடிக்கொண்டு, "இன்னும் பல்லே முளைக்கல" என்பாள்.

ஒன்பதாம் மாதம் காதுகுத்துக்கு நாள் குறித்தபோதுகூட அவளுக்கு உறைக்கவில்லை. காது குத்தும்போது பிள்ளை தாய்மாமன் மடியில்தானே உட்கார வேண்டும்? ஆசாரி ஊசியை ஏற்றியதும் பிள்ளை வாயைப் பிளந்து வீரிட்டது. உக்கிரபாண்டி குனிந்து பார்த்தான். மேலே வெள்ளையாக இரண்டு பல். மறு காதும் குத்தி முடியும்வரை அசையாமல் இருந்தான். பிறகு பிள்ளையை இறக்கிவிட்டு, கறிச்சோற்றில் கை வைக்காமல் போய்விட்டான்.

அந்த மாதமே அவனுடைய வண்டிமாடு கோமாரியில் செத்தது. லாடம் அடிக்கும்போது வேறொரு மாடு விலாவில் உதைத்தது. எல்லாம் அந்தப் பல்லால்தான் என்று முடிவுகட்டினான்.

ஒருநாள் நண்பகலில் இருளாயி தண்ணீர் எடுத்துக்கொண்டு திரும்பியபோது வீட்டுக்குள் பிள்ளை கதறியது. லாடம் கட்ட மாட்டைச் சாய்ப்பதுபோல உக்கிரபாண்டி பிள்ளையைக் கிடத்தி, கால்களை முழங்காலால் அமுக்கி, இடது கையால் தாடையைப் பிளந்து வைத்திருந்தான். வலது கையில் லாடக் குறடு. ஈறு கிழிந்து, ஒரு பல் ரத்தத்தோடு தரையில் கிடந்தது.

"அண்ணே, விட்ரு! பச்சப்புள்ள அண்ணே!"

"இன்னும் ஒண்ணுதான் இருக்கு. அதையும் எடுத்துட்டா நான் பொழச்சுக்குவேன். கிட்ட வராத!"

அவள் தண்ணீர்க் குடத்தை அவன் மண்டையில் போட்டாள். குடம் நசுங்கியது, அவன் பிடியை விடவில்லை. எட்டி அவள் வயிற்றில் உதைத்தான். சுருண்டு விழுந்தவளின் முகத்துக்கு நேரே அவனுடைய வலது மணிக்கட்டு இருந்தது. கடித்தாள். அவன் பிள்ளையை விட்டுவிட்டு இடது கையால் அவள் முகத்தில் குத்தினான். கண் வீங்கி மூடியது, மூக்கு உடைந்தது. அவள் விடவில்லை. குறடு கீழே விழுந்த பிறகும் விடவில்லை. அக்கம்பக்கத்தார் ஓடிவந்து, அகப்பைக் காம்பை நுழைத்துத்தான் அவள் வாயைத் திறந்தார்கள்.

பிள்ளைக்கு இரண்டாவது பல் தங்கியது. உக்கிரபாண்டிக்கு மூன்று விரல்கள் மடங்கியே போயின. அந்தக் கை அதற்குப் பிறகு சுத்தியல் பிடிக்கவில்லை.

மாயக்காளுக்கு ஏழு வயதானபோது, ஈறு கிழிந்த இடத்தில் புதுப்பல் கோணலாக, கீழ்ப்பல்லுக்கு உட்புறமாக முளைத்தது. மாமன் சாபம் என்றது ஊர். இருளாயி மகளை நடத்தியே டவுனுக்குக் கூட்டிப்போய்ப் பல் டாக்டர் ஹரிராமிடம் காட்டினாள்.

"பால்பல்லைப் பிடுங்கினப்ப உள்ள இருந்த பல்லுக்கும் அடி பட்டிருக்கும்மா," என்றார் அவர். "நல்லவேளை, இப்பவே வந்தீங்க. முளைச்சுக்கிட்டு இருக்கிற பல்லுதான் சொன்னபடி நகரும்."

சப்பையாகச் சீவிய ஒரு குச்சியை மேல்பல்லுக்குப் பின்னால் சாய்த்து வைத்து, கீழ்ப்பல்லால் அழுத்திக் கடிக்கச் சொன்னார். தினமும் கொஞ்ச நேரம். வலிக்கிறது என்று மாயக்காள் அழுதபோதெல்லாம் இருளாயி எதிரே உட்கார்ந்து, "நான் கடிச்சேன்ல? நீயும் கடி" என்றாள். மூன்று மாதத்தில் பல் வெளியே வந்து வரிசையில் நின்றது.

மறுவருஷம் மாயக்காளுக்கு அடுத்துப் பிறந்த மகனுக்குக் காதுகுத்து. மாமன் மடி இல்லாமல் முடியாது என்று அவள் புருஷன் முத்துக்கருப்பன் போய் உக்கிரபாண்டியை அழைத்துவந்தான். வந்தவன் பந்தலில் எல்லாரும் பார்க்க, மடங்கிய கையைத் தூக்கிக் காட்டினான்.

"நான் அன்னைக்கே சொன்னேன்ல, மேல்பல்லு மாமனுக்கு ஆகாதுன்னு? பாத்துக்கங்க."

சிலர் தலையாட்டினார்கள். பந்தலில் இருந்த எனக்கு ரத்தம் கொதித்தது. இருளாயி மகனைத் தூக்கிவந்து அண்ணன் மடியில் உட்காரவைத்தாள். கிட்டத்திலேயே, அவனுக்கு நேர் எதிரே உட்கார்ந்தாள்.

"அது அந்தப் புள்ள பல்லு இல்லண்ணே, என் பல்லு," என்றாள். "எல்லாம் இன்னும் அப்படியேதான் இருக்கு."

ஆசாரி ஊசியை ஏற்றினார். பையன் வாயைப் பிளந்து அலறினான். உக்கிரபாண்டி குனிந்து பார்க்கவில்லை. அவன் தங்கச்சியின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.