வேலிக்கு அந்தப் பக்கம்

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை தாயும் மகளும் கையுறை மாட்டிக்கொண்டு, மழையில் ஊறிய மண்ணிலிருந்து பார்த்தீனியக் களை பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். மகள் மண் பரிசோதனைக்கூடத்தில் வேலை பார்ப்பவள். வேரோடு வர வேண்டும், பூப்பதற்குள் வர வேண்டும் என்பாள். அம்மா முப்பது வருடம் பஸ் கண்டக்டர். அவளுக்கு அந்த விளக்கமெல்லாம் தேவையில்லை.

"கேரட் இலை மாதிரி வேஷம் போட்டு உக்காந்திருக்கான் பாரு. டிக்கெட் எடுக்காதவனும் இப்படித்தான், ஜன்னலப் பாத்து பாட்டு முணுமுணுப்பான். இறங்குடா கீழ!"

"முகமூடியப் போடும்மா. மூச்சு இழுக்கப் போகுது."

"முகமூடி போட்டா எப்படிடி திட்டுறது?"

அம்மாவின் கழுகுக் கண் ஒரே ஒரு முறைதான் சறுக்கியது. இரண்டு வருடத்துக்கு முன் கண்ணாடி போடாமல் வேலி தாண்டிப் போய், பக்கத்துத் தோட்டக்காரரின் செவ்வந்தி நாற்றை இரண்டு பாத்தி முழுக்கப் பார்த்தீனியம் என்று பிடுங்கிப் போட்டாள். பெரிய உதவி செய்துவிட்டதாக அவர் கதவைத் தட்டிச் சொல்லியும் வைத்தாள். அன்றோடு பேச்சு நின்றது. வேலியோரம் முளைத்த களை எதையும் அவர் பிடுங்குவதில்லை. காற்றடித்தால் விதையெல்லாம் இந்தப் பக்கம். இங்கே எவ்வளவு பிடுங்கினாலும் ஓட்டைக் குடத்தில் தண்ணீர்தான்.

"ஒரு வார்த்தை மன்னிப்பு கேட்டா முடிஞ்சு போச்சு."

"வெறுங்கையோடயா போறது? நாப்பது செவ்வந்தி நாத்து வாங்கி வெச்சிருக்கேன். வர்ற ஞாயித்துக்கிழமை குடுத்துட்டு, அப்படியே அந்தப் பக்கத்தையும் பிடுங்கிட்டு வந்துடுவோம்."

வியாழக்கிழமை மதியம் அம்மா சாப்பிட்ட தட்டைக் கழுவாமல் படுத்தாள். எழுந்திருக்கவில்லை. மாரடைப்பு. கழுவாத தட்டு அந்த வீட்டில் அதுதான் முதல்.

தோட்டக்காரர் வந்தார். தன் கையால் கட்டிய மலர்வளையத்தை அம்மாவின் மேல் வைத்தார். செவ்வந்திகளுக்கு நடுவே பொடிப்பொடியாக வெள்ளைப் பூ. மகள் குனிந்து பார்த்தாள். அழுதுகொண்டிருந்தவளுக்குச் சிரிப்பு பீறிட்டது. அத்தை பயந்து தண்ணீர் எடுக்க ஓடினாள்.

"இந்த வெள்ளைப் பூ எங்க பறிச்சீங்க, மாமா?"

"நம்ம வேலியோரந்தான். இடத்த அடைக்க நல்லா இருந்துச்சு."

"இதுதான் பார்த்தீனியம்."

அவர் வளையத்தையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தார். "ஐயோ, எந்திரிச்சுத் திட்டப் போறாங்க," என்றார்.

எழுந்திருக்கவில்லை. மகள் ஒவ்வொன்றாகக் கிள்ளி, ஒரு விதையும் உதிராமல் பையில் போட்டுக் கட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. பின்கதவருகே நாற்றுத் தட்டு அப்படியே இருந்தது. நாற்பதில் முப்பத்தெட்டு உயிரோடு. தட்டில் ஒட்டிய பழைய டிக்கெட்டின் பின்பக்கம் அம்மாவின் கையெழுத்து:

"ஞாயிறு. அந்தப் பக்கம். கண்ணாடி போட்டுக்கொண்டு போகவும்."