மூன்று என்றதும் தூக்க வேண்டும்

அவளை வீட்டிலும் சரி, வேலை செய்த பார்சல் கிடங்கிலும் சரி, ஏணி என்றுதான் கூப்பிடுவார்கள். மேல் அடுக்கு மூட்டையை எடுக்க மற்றவர்கள் ஸ்டூல் தேடும்போது இவள் கையை நீட்டினால் போதும். வாயும் நீளம்தான். "பொம்பளைப் பிள்ளை மாதிரி பேசு" என்ற மேற்பார்வையாளரிடம், "சம்பளம் அப்படித்தானே குடுக்கறீங்க, பேச்சு வேற குறையணுமா?" என்று கேட்டவள்.

நான் அந்த வீட்டுக்குப் போனது அவளுடைய அப்பாவைப் பார்த்துக்கொள்ள. லாரி ஓட்டியவர். பக்கவாதம் வந்து வலது பக்கம் செயலிழந்துவிட்டது, பேச்சும் போயிற்று. புத்தி மட்டும் தெளிவு. அம்மா இல்லை. அண்ணன் வெல்டிங் பட்டறையில் இருந்தான். என்னை நர்ஸம்மா என்பார்கள். நோயாளியைப் பராமரிக்கப் பயிற்சி எடுத்தவள்தான், நர்ஸ் இல்லை என்று இரண்டு தடவை திருத்தினேன். பிறகு விட்டுவிட்டேன்.

ஏணிக்கு ராணுவத்தில் சேர வேண்டும். அவளுக்கு இருந்த ஆசை அது ஒன்றுதான். ஏன் என்று ஒருநாள் கேட்டேன். "அங்க கத்தறவங்களுக்குக் கத்தறதுக்கு ஒரு காரணமாவது இருக்கும்" என்றாள். அண்ணனும் தங்கையும் அந்த வீட்டில் கத்தாமல் உப்பைக்கூட நகர்த்திக் கொடுத்ததில்லை.

முதல் தடவை மருத்துவச் சோதனையில் காதில் அழுக்கு அடைத்திருக்கிறது என்று திருப்பி அனுப்பினார்கள். "நாட்டைக் காப்பாத்தப் போனவ காதைக் கழுவாமப் போனா" என்று அண்ணன் ஒரு மாதம் சொல்லிச் சிரித்தான். இரண்டாம் தடவை கண், காது, பாதம், முதுகு எல்லாம் சரி என்று தேறினாள். சேரும் தேதி போட்டுக் கடிதம் வந்ததும் சிரித்தவனே அதை நகலெடுத்துப் பட்டறைச் சுவரில் ஒட்டினான்.

சேர இருபத்தொரு நாள் இருக்கும்போது, நான் விடுப்பில் இருந்த ஞாயிற்றுக்கிழமை, அது நடந்தது.

படுக்கையிலிருந்து நாற்காலிக்கு அவரை மாற்ற ஒரு முறை உண்டு. அடியில் விரிப்பை மடித்துப் போட்டு, ஆளுக்கொரு பக்கம் பிடித்து, ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ண வேண்டும். மூன்று என்ற சத்தத்தோடு இருவரும் தூக்க வேண்டும். அண்ணனுக்கு ஒரு கெட்ட பழக்கம். மூன்று சொல்லி, மூச்சை இழுத்துவிட்டு, அப்புறம்தான் தூக்குவான். நான் இருக்கும்போது அதட்டித் திருத்துவேன். அன்று நான் இல்லை. அவள் மூன்றில் தூக்கினாள். அவன் தூக்கவில்லை. அத்தனை பாரமும் அவளுடைய வலது தோளில் இறங்கியது. அப்பாவைக் கீழே விடாமல் பிடித்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை இடது கையால் தலை வாரிக்கொண்டிருந்தாள்.

"வலது கையைத் தூக்கு."

"தூங்கினது சரியில்ல நர்ஸம்மா, சுளுக்கு."

"சுளுக்கா இருந்தா தூக்கு."

தோள் உயரத்துக்கு மேல் கை போகவில்லை. முகம் வெளுத்தது. ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன். மூட்டு விலகித் தானாக உள்ளே போயிருக்கிறது, தசைநார் கிழிந்திருக்கிறது, ஆறு வாரம் பாரம் தூக்கக்கூடாது என்றார் டாக்டர்.

வீட்டுக்கு வந்து கடிதத்தை எடுத்துக் கடைசிப் பத்தியைச் சத்தமாகப் படித்தேன். சோதனையில் தேறிய பிறகு புதிதாகக் காயம் ஏற்பட்டால் உடனே தெரிவிக்க வேண்டும். மறைத்தால் நிரந்தர நீக்கம்.

அண்ணன் பாய்ந்து வந்தான். "அவங்கதான் பாஸ்னு எழுதிக் குடுத்துட்டாங்களே! நீ ஏன்டி போய்ச் சொல்ற? இருபது நாள்ல ஆறிடும்."

"டாக்டர் ஆறு வாரம்னாரு" என்றேன்.

"பட்டறைல கேக்கறவங்களுக்கு அவரா பதில் சொல்லப்போறாரு?" பிறகு என் பக்கம் திரும்பினான். "நீங்க அப்பாவை மட்டும் பாத்துக்கங்க. இல்லேன்னா வேற ஆள் பாத்துக்கறேன்."

"பாத்துக்கோ தம்பி. வர்ற வரைக்கும் மலம் எடுக்கறது நீதானே? கையுறை எங்க இருக்குன்னு காட்டட்டுமா?" என்றேன். அவன் கதவை உதைத்துவிட்டுப் போனான்.

ஏணியும் எனக்கு நன்றி சொல்லவில்லை. "உங்க வாயை யாரு திறக்கச் சொன்னா? நான் மறைச்சிருப்பேன்" என்று எரிந்து விழுந்தாள். அது உன் இஷ்டம் என்று வேலையைப் பார்த்தேன்.

வியாழக்கிழமை அப்பாவைக் குளிப்பாட்டும்போது அவர் சறுக்கினார். அவள் பாய்ந்து பிடித்தாள். பிடித்த கை தானாக விட்டுவிட்டது. முழங்காலைக் கொடுத்து நான் தாங்கினேன். அவள் அந்தக் கையைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். "அங்க பட்டாளத்துல கயிறு ஏறும்போது எனக்குக் கீழ ஒருத்தி வருவாளே" என்று சொல்லிவிட்டுப் போய்ப் போனை எடுத்தாள்.

ஸ்பீக்கரில் ஆள்சேர்ப்பு அலுவலகக் குமாஸ்தாவின் குரல் கரகரத்தது. "பாஸானப்புறம் எதுக்கும்மா விழுந்தீங்க?"

"நான் விழல சார். எங்கப்பா விழாமப் பிடிச்சேன்."

"இந்த பேட்ச்லேர்ந்து பேரை எடுத்துடுவோம். மறுபடி சோதனை. தேறுவீங்கன்னு நான் சொல்ல முடியாது. படிவம் அனுப்பறேன், மூணு நாள்ல வரணும்."

படிவத்தில் சம்பவம் எப்படி நடந்தது என்று ஒரு கட்டம். நேரில் பார்த்தவர் கையெழுத்து அல்லது ரேகை என்று இன்னொன்று. அண்ணன் தாமதமாகத் தூக்கியதால் என்று அவள் அப்படியே எழுதினாள்.

"குளியலறைல வழுக்கி விழுந்தேன்னு எழுது" என்றான் அவன். "கவர்மென்ட் காகிதத்துல என்னை மாட்டி விடறியா?"

"நீ லேட்டாத்தானே தூக்கின?"

"நான் கையெழுத்துப் போட மாட்டேன். வேற யாரு பாத்தா?"

பார்த்தவர் கட்டிலில் இருந்தார். இடது கையைப் போர்வைக்குள்ளிருந்து எடுத்து நீட்டினார். நான் மை டப்பாவைத் திறந்தேன்.

"அப்பா, வேணாம். அதுல என் பேரு இருக்கு" என்றான் மகன். அவர் மகனைப் பார்த்துக்கொண்டே கட்டைவிரலை அழுத்தினார். ரேகை தெளிவாக விழுந்தது.

அவன் பட்டறைச் சுவரில் இருந்த நகலைக் கிழித்துக்கொண்டு வந்து அவள் தட்டுக்குப் பக்கத்தில் வீசினான். "எல்லாரும் கேக்கறானுங்க. நீயே வந்து பதில் சொல்லு." அதற்கப்புறம் அவளோடு பேசவில்லை. கத்தல் இல்லாத அந்த வீடு முன்னைவிட மோசமாக இருந்தது. ஐந்து மாதம் தோளுக்கான பயிற்சியை அவள் தனியாகச் செய்தாள். எண்ணிக்கையை அப்பா இடது விரலால் கட்டிலில் தட்டுவார். மறுசோதனையில் கையைத் திருகிப் பார்த்தார்கள், கம்பியில் தொங்கவிட்டார்கள். தேறினாள்.

கிளம்பின காலையில் அப்பாவின் நெற்றியைத் தொட்டாள். அண்ணனைப் பார்த்து, "வரேன்" என்றாள். அவன் விரிப்பை மடித்துக்கொண்டிருந்தான், நிமிரவில்லை. வாசல் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. நானும் அவனும் ஆளுக்கொரு பக்கம் பிடித்தோம். ஒன்று, இரண்டு என்றேன். அவன் இரண்டிலேயே தூக்கிவிட்டான்.

என் இடுப்பு பிடித்துக்கொண்டது. திட்டினேன். அவன் குனிந்து அப்பாவின் பாதங்களை நாற்காலிப் படியில் எடுத்து வைத்தான்.