இரத்தத்தில் தேடிய நினைவு

குழாயில் இரத்தம் ஏறி நின்றதும், அதைக் கையில் வாங்கிப் பார்க்க வேண்டும் என்றார் மதினி. ஊசி போட்ட பெண் கொஞ்சம் தயங்கிவிட்டுக் கொடுத்தாள். ஊதா மூடி போட்ட சின்னக் குழாய். ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, பூ மார்க்கெட்டில் மல்லியின் ஈரத்தைச் சோதிக்கும் வியாபாரி போல வெகுநேரம் பார்த்தார். பிறகு என் பக்கம் சாய்ந்து கேட்டார்: "இதுக்குள்ள என் நெனப்பு இருக்குமா தாயி?"

மதினி என் அண்ணனின் மனைவி. அகரத்துக்குப் பக்கத்தில் அவருக்குக் கொஞ்சம் பூந்தோட்டம் உண்டு. அண்ணன் வடக்கே ஒரு முறுக்குக் கம்பெனியில் வேலை பார்த்துவிட்டு, எலும்பும் தோலுமாகத் திரும்பி வந்து, சில மாதங்களில் இறந்துபோனார். மஞ்சள் காமாலை என்று ஊருக்குச் சொன்னோம். அது எச்.ஐ.வி. என்பது மதினிக்கும் எனக்கும் மட்டுமே தெரியும். மதினிக்கும் அது தொற்றியிருந்தது. கைக்குழந்தையாக இருந்த மகனுக்கு இல்லை. அன்று தொடங்கி மதினி மாதம் தவறாமல் திண்டுக்கல்லுக்கு வந்து எச்.ஐ.வி.க்கான கூட்டு மாத்திரை வாங்கிப் போனார். சர்க்கரை வியாதிக்கு மாத்திரை என்று அக்கம்பக்கத்தில் சொல்லி வைத்தார். சர்க்கரை என்று சொல்லிவிட்டபின் இனிப்பைத் தொட முடியுமா? பாயசம் என்றால் உயிரை விடுகிறவர், இருபது வருஷத்துக்கு மேலாக எந்தக் கல்யாணப் பந்தியிலும் அதை இலையில் விழ விட்டதில்லை. ஒரு பொய்யைக் காப்பாற்ற உடம்பு எவ்வளவு ஒழுக்கமாக இருக்க வேண்டியிருக்கிறது என்று நான் நினைத்துக்கொள்வேன்.

மாத்திரை அவரைக் கைவிடவில்லை. வைரஸ் கட்டுக்குள் இருந்தது, உடம்பு தேறியது, தோட்டம் தழைத்தது. மறதிதான் எதிர்பாராமல் வந்தது. முதலில் மோட்டாரை நிறுத்த மறந்தார். உலையில் அரிசி போட்டதை மறந்து இன்னொரு படி போட்டார். ஒருநாள் பூ மார்க்கெட்டில் இருந்து என்னைப் போனில் கூப்பிட்டு, பஸ் ஸ்டாண்டுக்கு எந்தப் பக்கம் போக வேண்டும் என்று சாதாரணமாகக் கேட்பதுபோல் கேட்டார். அவர் வாழ்நாள் முழுக்க நடந்த தெரு அது. நான் ஆசிரியை. வகுப்பில் பாதிக் கணக்கு கரும்பலகையில் நிற்க, பிள்ளைகளை அமைதியாக இருக்கச் சொல்லிவிட்டு ஓடினேன்.

மாத்திரை கொடுக்கும் மையத்துக்கு அப்போதுதான் வெளியூரிலிருந்து ஒரு ஆய்வுக் குழு வந்திருந்தது. மூளையின் நரம்பணுக்கள் சிதையும்போது அவற்றிலிருந்து ஒருவகைப் புரதம் உடைந்து இரத்தத்தில் கசியுமாம். அதை அளந்து பார்த்தால், எச்.ஐ.வி.யோடு நெடுங்காலம் வாழ்பவர்களின் மூளை நலத்தை முன்கூட்டி அறிய முடியுமா என்பது அவர்கள் கேள்வி. மதினி அன்று குழாயில் கொடுத்த இரத்தம் அதற்குத்தான். குழுவில் இருந்த மருத்துவர் அம்மா பொறுமையாக விளக்கினார். மாத்திரை ஒழுங்காக எடுக்கும் பெரும்பாலானவர்கள் நல்ல நினைவோடுதான் இருக்கிறார்கள் என்றார். இந்த அளவை வைத்து இப்போதைக்கு ஒரு தனி ஆளுக்கு இன்னது என்று சொல்ல முடியாது, அதனால் முடிவை உங்களுக்குத் தரமாட்டோம் என்பதையும் ஒளிக்காமல் சொன்னார். மூளை நரம்பு மருத்துவரைப் பாருங்கள், எல்லாவற்றையும் அவரிடம் சொல்லுங்கள் என்றார்.

அந்த 'எல்லாவற்றையும்' என்ற சொல்லில்தான் கதவு அடைத்துக்கொண்டது. டவுனில் நாங்கள் அறிந்த ஒரே மூளை மருத்துவரிடம் மதினியின் ஊர்ப்பெண் சீட்டு எழுதிக் கொடுக்கும் வேலையில் இருந்தாள். வேறு ஊருக்குப் போவதென்றால் மகனிடம் காரணம் சொல்ல வேண்டும். அவனுக்கோ செம்பட்டிப் பக்கம் பெண் பார்த்து, பேச்சு முடியும் நேரம். சொன்னால் கல்யாணம் போகும். சொல்லாவிட்டால் மதினியின் நினைவு போய்க்கொண்டே இருக்கும். இதற்கு நடுவில் இன்னொரு பயமும் அவரைப் பிடித்தது. களை பறிக்க வந்த பெண்களிடம் ஒருநாள், "எனக்குச் சர்க்கரையெல்லாம் கெடையாதுடி" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டார். மேற்கொண்டு வராமல் நாக்கு ஏதோ நல்ல நேரத்தில் நின்றது. அன்றிலிருந்து யாரிடமும் பேசுவதையே குறைத்தார். தன் வாய்க்குத் தானே காவலிருக்கும் ஒருவரின் முகத்தை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

கல்யாணம் முடியட்டும் மதினி, அப்புறம் எல்லாம் பார்க்கலாம் என்றேன். அவர் வரப்பில் உட்கார்ந்து, பறித்த சம்பங்கியை மடியில் கொட்டிக்கொண்டே தலையை ஆட்டினார். சம்மதம் என்று நினைத்துவிட்டேன்.

பெண்ணின் அம்மா வீடு பார்க்க வந்த அன்று, தோட்டத்தைக் காட்டுகிறேன் என்று அவரைக் கூட்டிக்கொண்டு நடந்தார் மதினி. நானும் பின்னால் போனேன். கனகாம்பரப் பாத்தியருகே நின்றார். அண்ணனின் நோயில் தொடங்கி தன் மாத்திரை வரைக்கும், ஒப்பிக்கிற மாதிரி ஒன்று விடாமல் சொன்னார். மகனுக்கு அது இல்லை என்பதை மட்டும் இரண்டு தடவை சொன்னார். கடைசியில், "இன்னுங் கொஞ்ச நாளு போனா ஒளறிருவேன் சம்பந்தி. புத்தி தெளிவா இருக்கயிலயே நானே சொல்லிப்புடணும்னு இருந்துச்சு" என்றார். அந்த அம்மா மதினியின் கையைத் தொட வந்து, தொடாமல், தன் முந்தானையைச் சரிசெய்துகொண்டார். வீட்டுக்குள் வந்து காபியைக் குடித்து முடித்துவிட்டுத்தான் புறப்பட்டார். அடுத்த வாரம் ஜாதகம் பொருந்தவில்லை என்று தகவல் வந்தது.

பெண்ணின் அம்மா வந்துபோன அன்று மாலையே மதினி மகனிடமும் சொல்லியிருந்தார். "அப்பாவுக்கும் அதுதானா?" என்று மட்டும் அவன் கேட்டான். பிறகு திருப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டான். பல மாதம் போன் இல்லை. செய்தி செம்பட்டியிலிருந்து அகரத்துக்கு வர அதிக நாள் ஆகவில்லை. களைக்கு வந்த பெண்களில் சிலர் வருவதை நிறுத்திக்கொண்டார்கள். எதிர்வீட்டு அக்கா மட்டும் வழக்கம்போல் வந்து பூப்பறித்துக் கொடுத்தார், ஒன்றும் கேட்கவில்லை.

மறைக்க ஒன்றும் இல்லாததால் மூளை மருத்துவரிடம் நிமிர்ந்தே போனோம். அவர் எல்லாம் கேட்டார், படம் எடுத்தார். பழைய பாதிப்பு, இரத்தக் கொதிப்பு, வயது என்று பல கை சேர்ந்து இழுக்கிறது, எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது, வேகத்தைக் குறைக்கலாம் என்றார். கொஞ்சம் முன்னால் வந்திருக்கலாமே என்று கேட்டார். மதினி அவரைப் பார்த்துச் சிரித்தார்.

மகன் இப்போது திரும்பி வந்துவிட்டான். தோட்டத்தை அவன்தான் பார்க்கிறான். அம்மாவுக்கு மாத்திரையை எடுத்துக் கொடுப்பவனும் அவன்தான். போன ஞாயிறு நான் போயிருந்தபோது மதினி என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு உட்கார வைத்தார், நன்றாகவே பேசினார். பேச்சு மாத்திரையைப் பற்றி வந்த நேரம், வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. எதிர்வீட்டு அக்கா கூடையோடு வந்துகொண்டிருந்தார். மதினியின் விரல்கள் என் மணிக்கட்டை இறுக்கின.

"ஆளு வருது, பேச்ச மாத்து தாயி. அவளுக்கு ஒண்ணும் தெரியாது" என்றார்.

மகன் பக்கத்தில் வந்து குனிந்தான். "நீங்களே சொல்லிட்டீங்கம்மா. எல்லாருக்கும் தெரியும்" என்றான். ஒவ்வொரு நாளும் சொல்கிறவனின் பொறுமை அந்தக் குரலில் இருந்தது. மதினி அவனை நம்ப ஆசைப்படுகிறவர் போல நிமிர்ந்து பார்த்தார். பிறகு வாசல் பக்கம் திரும்பி, வந்தவரிடம் மழை பெய்யுமா என்று விசாரிக்கத் தொடங்கினார். என் கையை அவர் விடவில்லை.