இருபத்து நான்காம் கேள்வி

யுவராணி எம்.ஏ. சமூகவியலில் சேர்ந்தபோது, அந்தப் படிப்பின் பெயர் அவளுடைய அப்பா ஆண்டிச்சாமியின் வாயில் நிற்கவில்லை. மல்லிகைப் பூவைக் கொண்டுபோய்ப் போடும் கடையில் யாராவது கேட்டால், "கலெக்டர் ஆபீஸ் வேலைக்குப் படிக்குது" என்று சொல்லிவிடுவார். பழனிப் பக்கமிருந்து பெண் பார்க்க வந்தவர்கள் இன்னும் கொஞ்சம் துருவினார்கள்.

"ஏனுங்க, சமூகம்னா ஏதாச்சும் கட்சிங்களா? கூட்டம் கீட்டம்னு போகுமுங்களா புள்ள?" என்று மாப்பிள்ளையின் தாய்மாமன் கேட்டார். அவள் சொன்ன விளக்கம் யாருக்கும் பிடிபடவில்லை. காபியைக் குடித்துவிட்டுப் போனவர்கள் போனவர்கள்தான்.

வகுப்பில் பத்தொன்பது பேர். குரூப் தேர்வுக்கு உதவும் என்று வந்தவர்கள் பாதிப்பேர். ஒருத்தி கல்யாணத்தை இரண்டு வருஷம் தள்ளிப்போட வந்தவள். கூடப் படித்த ஜீவிதாவோ, "டிகிரின்னு ஒண்ணு வேணும்ல, அம்புட்டுத்தான்" என்பாள். யுவராணியும் வேறு துறையில் இடம் கிடைக்காமல்தான் சேர்ந்தாள். ஆனால் ஆய்வேட்டுக்காக திண்டுக்கல் பூ மார்க்கெட்டில் பூக்கட்டும் பெண்கள் நாற்பது பேரிடம் பேசியபோது அவளுக்கு அது பிடித்துப்போயிற்று. தான் யார், எதற்குக் கேட்கிறேன், வேண்டாம் என்றால் எழுந்து போய்விடுவேன் என்று ஒவ்வொருத்தியிடமும் முதலில் சொல்ல வேண்டும். சொல்லாமல் வாங்கிய பதில்களைத் துறையில் ஏற்க மாட்டார்கள். முதல் ஆறு பேரிடம் சொல்ல மறந்து, திரும்பப் போய் ஆரம்பத்திலிருந்து கேட்டாள்.

படிப்பு முடிந்து இரண்டு வருஷம் வேலை எதுவும் அமையவில்லை. அப்போதுதான் ஜீவிதா போன் செய்தாள். ஒரு தனியார் நிறுவனம் 'குடும்ப நல ஆய்வு' நடத்துகிறது, ஆள் எடுக்கிறார்கள் என்றாள். டைல்ஸ் கடை மாடியில் அலுவலகம். மேற்பார்வையாளர் மோகன்குமார் இரண்டு பேருக்கும் ஆளுக்கொரு டேப்லெட் கொடுத்தார். அறுபத்திரண்டு கேள்விகள்.

"சோசியாலஜி படிச்சவங்கதான் எங்களுக்கு வேணும். ஜனங்ககிட்ட பேசத் தெரிஞ்சவங்க" என்றார் அவர்.

தன் படிப்பின் பெயரைச் சொல்லி ஒருவர் வேலை கொடுத்தது யுவராணிக்கு அதுவே முதல்முறை. பஸ்ஸில் திரும்பும்போது சிரித்துக்கொண்டே வந்தாள்.

அவளுக்கு ஒதுக்கியது சாணார்பட்டிக்குக் கிழக்கே அவள் ஊரும் அதையொட்டிய இரண்டு ஊர்களும். டேப்லெட்டைப் பார்த்ததும் ஜனங்கள் கதவைச் சாத்தினார்கள். ரேஷன் கார்டை வெட்டப்போகிறார்கள் என்று ஒரு தெருவில் பேச்சு. முதியோர் பணத்தை நிறுத்தப்போகிறார்கள் என்று அடுத்த தெருவில். "நான் பூக்கார ஆண்டிச்சாமி மக" என்று அவள் சொன்ன பிறகுதான் கதவுகள் திறந்தன. பாயை விரித்து உட்காரச் சொன்னார்கள். கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னார்கள்.

நான்காம் நாள் ஒரு வீட்டில் குழந்தையின் எடை தெரியவில்லை. கட்டத்தைக் காலியாக விட்டாள். டேப்லெட் அடுத்த கேள்விக்குப் போய்விட்டது. இருபத்து நான்காம் கேள்வி, பட்டா எண். அந்த அம்மாவுக்குத் தெரியாது. அதையும் விட்டுவிட்டு அடுத்ததை அழுத்தினாள். சிவப்புக் கோடு வந்தது. நகரவில்லை. அந்த அம்மா பீரோவைத் திறந்து, துணிகளுக்கு அடியிலிருந்து பட்டாவை எடுத்துவந்து காட்டினாள்.

யுவராணிக்கு ஏதோ உறுத்தியது. பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்து, டேப்லெட்டில் பெயரில்லாத ஒரு வீட்டைப் புதிதாகத் தொடங்கி, எல்லாக் கேள்வியையும் காலியாக விட்டுக்கொண்டே போனாள். குடிதண்ணீர், கழிப்பறை, பிரசவம், தடுப்பூசி எல்லாம் தாண்டிப் போயின. இருபத்து நான்கில் நின்றது. ஏதோ ஓர் எண்ணைப் போட்டாள். பிறகு நின்றது இருபத்தேழில்: கூட்டுப்பட்டா என்றால் வெளியூரில் இருக்கும் பங்காளிகளின் பெயர், போன் எண். அடுத்து இருபத்தொன்பதில்: கிணற்றின் ஆழம், படத்துடன். அடுத்து முப்பத்தொன்றில்: தகுந்த விலை வந்தால் நிலத்தைக் கொடுக்கச் சம்மதமா? அதற்குப்பின் அறுபத்திரண்டு வரை தடையே இல்லை.

எதேச்சையாக அமைந்ததாக இருக்கலாம் என்று தனக்குத்தானே சொல்லிப்பார்த்தாள். மறுநாளும் வேலைக்குப் போனாள்.

அன்று போன முதல் வீடு இன்னாசியம்மாளுடையது. நாற்பது வயதுக்காரி. மாடு வைத்துப் பால் ஊற்றுகிறவள். புருஷனின் பங்கு இரண்டு ஏக்கர் மாந்தோப்பு, கொழுந்தன்மார் இருவரும் திருப்பூரில். அவள் கேட்டைத் திறக்கவே இல்லை.

"யாருக்கு இந்தக் கேள்வியெல்லாம்?"

"குடும்ப நல ஆய்வுக்கு, அக்கா."

"அது பேரு. ஆளு யாரு?"

"திண்டுக்கல்ல ஆபீஸ் இருக்கு…"

"ஆபீசுக்கு எதுக்குடி எங்க வீட்டு வயித்துவலி? நீ ஆண்டிச்சாமி மகதான, உனக்கே தெரியாதா?"

தெரியாது. பூக்கட்டும் பெண்களிடம் முதல் வாக்கியமாகச் சொன்னதை இங்கே முப்பத்தொரு வீட்டில் அவள் சொல்லவேயில்லை. யாரும் கேட்காததால் தப்பியிருக்கிறாள்.

நேராக அலுவலகத்துக்குப் போனாள். மோகன்குமார் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"சார், இந்த ஆய்வு யாருக்காகப் பண்றோம்?"

"கிளையண்டுக்கு."

"கிளையண்ட் யாரு?"

"பெங்களூர்ல இருக்காங்க. உங்களுக்கு எதுக்கு அது?"

"ஒரு லெட்டர் குடுங்க சார். யாரு, எதுக்குன்னு. வீட்டுல காட்டணும்."

அவர் கையைக் கழுவிவிட்டு வந்தார். குரல் மாறவில்லை. "நீங்க படிச்சது சோசியாலஜிதான? டிடெக்டிவ் வேலைக்கா படிச்சீங்க? ஜீவிதா மேடம் பாருங்க, ஒரு கேள்வி கேக்கல. எண்பது வீடு முடிச்சிட்டாங்க."

டேப்லெட்டை மேசைமேல் வைத்தாள். அதில் ஏற்றிய முப்பத்தொரு வீட்டின் விவரங்களை அழிக்க முடியுமா என்று கேட்டாள். அவர் டேப்லெட்டை எடுத்து மேசை அறையில் வைத்துப் பூட்டினார். படியிறங்கும்போது, அவர் யாருக்கோ போனில் அவள் பெயரைச் சொல்வது கேட்டது.

எந்தக் கேள்விகளில் மட்டும் டேப்லெட் நிற்கிறது என்று ஜீவிதாவிடம் சொல்லி, நீயும் வேலையை விட்டுவிடு என்றாள். ஜீவிதா ஒத்துக்கொள்ளவில்லை. "எனக்கு வீட்டுல இப்பத்தான் ஒரு மரியாதை கெடச்சிருக்கு. இந்தப் படிப்பால வந்த ஒரே வேலை இது. எண்பது வீடு முடிச்சேன்னு பொறாமையாடி உனக்கு?" என்றாள். நான்கு வருஷ சிநேகிதம். தன்னைப் பற்றியே யுவராணிக்குச் சந்தேகம் வந்தது. பொறாமைதானோ? ஒரு நாள் முழுக்க யோசித்துப் பார்த்தாள். குடும்ப நல ஆய்வில் கிணற்றின் ஆழத்தைக் கேட்பதற்கு மட்டும் காரணம் அகப்படவில்லை.

அந்த வாரம் முப்பத்தொரு வீட்டுக்கும் திரும்பப் போனாள். "நான் கேட்டது யாருக்குன்னு எனக்கே தெரியல. நெலத்த பத்தி யாராச்சும் போன் பண்ணுனா யோசிச்சுப் பேசுங்க" என்றாள். நன்றி சொன்னவர்கள் இரண்டு பேர். மற்றவர்களின் முகம் மாறியது. எங்கள் பட்டாவை எவனிடம் கொடுத்தாய் என்று ஒருவர் தெருவில் நின்று கத்தினார். பீரோவைத் திறந்து காட்டிய அம்மா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். யுவராணிக்கு அதுதான் தாங்கவில்லை.

வீட்டில் ஆண்டிச்சாமி கொதித்தார். "ஏத்தா, நீயே போய்க் கேட்ட, நீயே போய்ச் சொல்லாதங்குற. பூக்கடையில எவனும் எங்கூட மொகங்குடுத்துப் பேசல. இதுக்கா ரெண்டு வருசம் படிச்ச?"

"இதுக்குத்தாம்பா படிச்சேன்" என்றாள். சொன்ன பிறகு அவளுக்கே கொஞ்சம் பயமாக இருந்தது.

ஆகஸ்ட் பதினைந்து கிராம சபையில் மனு கொடுத்தாள். எந்தக் கணக்கெடுப்புக்காரரும் முதலில் ஊராட்சி அலுவலகத்தில் கடிதம் காட்ட வேண்டும் என்று நான்கு வரி. "கணக்கெடுத்ததே இந்தப் புள்ளதான" என்று பின்னாலிருந்து ஒரு குரல். "ஆமா, நான்தான். எங்கிட்டயும் லெட்டர் எங்கன்னு கேட்டிருக்கணும், ஒருத்தரத் தவிர யாரும் கேக்கல" என்றாள். சலசலப்பு. பிறகு கைகள் உயர்ந்தன, தீர்மானம் நிறைவேறியது. அவளைப் பார்த்துக் கையைத் தூக்கியவர்கள் குறைவு.

செப்டம்பரில், அந்த முப்பத்தொரு வீடுகளில் இரண்டு வீட்டாரின் வெளியூர்ப் பங்காளிகளுக்குப் போன் வந்தது. நிலத்தை வாங்க ஆள் இருக்கிறது என்றானாம் ஒருவன். எந்த நிறுவனம் என்று கேட்டதும் துண்டித்துவிட்டானாம். அது அந்த டேப்லெட்டிலிருந்து போன எண்தானா என்று நிரூபிக்க வழியில்லை. டைல்ஸ் கடை மாடியில் இப்போது அழகுநிலையம் நடக்கிறது. ஜீவிதா இன்றுவரை பேசவில்லை. ஒட்டன்சத்திரத்தில் ஒரு பள்ளியில் சேர்ந்திருப்பதாகக் கேள்வி.

யுவராணி திண்டுக்கல்லில் ஒரு கல்லூரியில் கௌரவ விரிவுரையாளர். முதல் வகுப்பில் மாணவர்களிடம் ஒரு கேள்வித்தாளைக் கொடுத்து, இதைத் தயாரித்தவருக்கு என்ன வேண்டும் என்று கண்டுபிடிக்கச் சொல்கிறாள். பாதிப்பேர் இது தேர்வில் வருமா என்று கேட்கிறார்கள்.

போன மாதம் இன்னாசியம்மாள் அவள் வீட்டுக்கு வந்தாள். சூரிய மின்சாரக் கம்பெனி ஒன்றிலிருந்து வந்த குத்தகைப் பத்திரம் அவள் கையில் இருந்தது. உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை.

"என்னன்னு எழுதியிருக்குன்னு மட்டும் வாசி. கையெழுத்துப் போடு, போடாதன்னெல்லாம் சொல்லாத" என்றாள்.

யுவராணி கையை நீட்டினாள். இன்னாசியம்மாள் பத்திரத்தைக் கொடுத்தாள். ஆனால் ஐந்து பக்கமும் வாசித்து முடியும்வரை அதன் ஓரத்தை அவள் விடவில்லை.