பஸ்ஸை முந்தாத ஜீப்

விருத்தாசலத்தில் என் பீங்கான் பொம்மைக் கடைக்கு எதிரேதான் அந்த ஜீப்காரர் வண்டியை நிறுத்துவார். ஜீப்பின் பாடியைச் சக்கரங்களுக்கு மேலே உயரத் தூக்கிக் கட்டியிருந்தார். வெள்ளைச் சட்டையோடு குதித்து இறங்கியதும், குந்தி உட்கார்ந்து ஒவ்வொரு சக்கரத்து நட்டையும் ஸ்பானரால் இறுக்கிப் பார்ப்பார்.

ஏனென்று ஒருநாள் கேட்டேன்.

“தூக்குனதுல ஒரு வளைவுல சாயப் பாத்துதுங்க. அதுலேருந்து வூட்டுக்காரம்மா ஏற மாட்டேங்கிறாங்க. இப்ப ஸ்பேசர் வளையம் வச்சு சக்கரத்த வெளிய தள்ளி அகலமாக்கிட்டேன். இனிமே சாயாது. நட்டுதான் அப்பப்ப லூசாவுது, அதான் பாத்துக்கிறேன்.”

“உயரத்தக் குறைச்சிருக்கலாமேங்க?”

அவர் அடுத்த நட்டுக்கு நகர்ந்தார்.

அன்றும் அந்த அம்மாள் ஸ்ரீமுஷ்ணம் பஸ்ஸில்தான் ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்தார். பஸ் கிளம்பியது. அத்தனை பெரிய ஜீப்பும் கிளம்பி, முந்தாமல், ஹாரன்கூட அடிக்காமல், அதன் பின்னாலேயே போனது.