அம்மாவின் அரை வயிறு

குன்னூரில் மார்கழிப் பனிக்கு எல்லோரும் மப்ளரைச் சுற்றிக்கொண்டு திரிய, நான் மட்டும் உடம்பெல்லாம் அனலடிக்க ஸ்வெட்டரைக் கழற்றிவிட்டு ஆபீஸ் ஜன்னலைத் திறப்பேன். "குளிரே உங்களைக் கண்டா பயப்படுதுங்க" என்று கேலி செய்தார்கள். நானும் சிரித்தேன். மாதவிலக்கும் நின்றது. கல்யாணமாகி ஏழு வருஷம் கழித்துக் கரு தங்கிவிட்டது என்றே நம்பினேன். சொல்லக் கூச்சம்தான், குட்டி சாக்ஸ் பின்ன மஞ்சள் கம்பளி நூல்கூட வாங்கிவிட்டேன்.

கோயம்புத்தூர் டாக்டரம்மா ரத்தப் பரிசோதனையைப் பார்த்துவிட்டு வேறு சொன்னார். சினைப்பைச் செயலிழப்பு (ஐம்பதை ஒட்டி நிற்க வேண்டிய மாதவிலக்கு நாற்பதுக்கு முன்பே நின்றுபோவது). எனக்கு முப்பத்திரண்டு வயது. கரு தங்கவே தங்காது என்று சொல்ல முடியாது, ஆனால் வாய்ப்பு மிகக் குறைவு என்றார்.

"பிறந்தப்ப எடை எவ்வளவு இருந்தீங்க?"

என்னைத்தான் கேட்டார். பதில் சொன்னது கூட வந்திருந்த அம்மா. அவள் தேவாலாப் பக்கம் எஸ்டேட்டில் கொழுந்து பறித்தவள். பிள்ளை பெருத்தால் பிரசவம் சிக்கலாகும், மழையில் ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் உயிர் போய்விடும் என்று பயந்து, தொழிலாளர்களின் லைன் வீடுகளில் கர்ப்பிணிகள் வேண்டுமென்றே சோற்றைக் குறைப்பார்களாம்.

"அரை வயித்துக்குத்தானுங்க தின்னேன். கையளவுதான் இருந்தா. லேசாப் பொறந்துட்டான்னு எல்லாரும் மெச்சினாங்க. ஏனுங்க டாக்டர், அதனாலதானுங்களா இப்படி?"

ஒரு பெண்ணின் கருமுட்டைகள் அவள் தாய் வயிற்றில் இருக்கும்போதே உருவாகிவிடுகின்றன, அப்போது ஊட்டம் குறைந்தால் பின்னாளில் பாதிப்பு வரக்கூடும் என்று டாக்டர் விளக்கினார். "ஆனா இவங்களுக்கு அதுதான் காரணம்னு யாராலயும் சொல்ல முடியாதும்மா. நிறைய பேருக்குக் காரணமே தெரியறதில்ல."

அம்மாவின் காதில் முதல் பாதிதான் விழுந்தது. வீட்டுக்கு வந்தவள் தட்டில் கை வைக்கவில்லை. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. என் துக்கத்தை நான் அழுது தீர்க்கும் முன்பே அதையும் இவள் எடுத்துக்கொண்டாளே!

"நீ பட்டினி கெடந்தா எனக்கு எல்லாம் சரியாயிருமா? தின்னும்மா."

"என்னால உன் மடி காலியாப் போச்சே கண்ணு."

"உசுரோட பெத்துப்போடோணும்னுதான் பயந்தே. பெத்துட்டேயில்ல?"

அழுதுகொண்டே சாப்பிட்டாள். நானும் அழுதேன்.

இப்போது ஹார்மோன் மாத்திரை (உடம்பில் சுரக்காததை ஈடுகட்டி எலும்பு தேயாமல் காப்பது) எடுத்துக்கொள்கிறேன். அனல் அடங்கிவிட்டது. இதைப் படிக்கும் பெண்களே, மாதவிலக்கு தவறினால் நீங்களாக ஒரு முடிவு கட்டாதீர்கள், பரிசோதித்துவிடுங்கள். காரணம் கேட்கும்போது உங்கள் அம்மாவைக் கூண்டில் ஏற்றாதீர்கள்.

என் வயதைப் பிறந்தநாளிலிருந்து எண்ணுவதை விட்டுவிட்டேன். அதற்கு முன்பே, பயந்துபோன ஒரு பெண்ணின் வயிற்றுக்குள் இந்த உடம்பு தன் வேலையைத் தொடங்கிவிட்டது. எனக்குப் பிறக்காத பிள்ளையும் ஒரு கருமுட்டையாக அப்போது அங்கேதான் இருந்தது. பசித்தது மூன்று பேருக்கு. கரை சேர்ந்தது இரண்டு பேர்.