பாட்டுக்கு முன்னால் இரண்டு தட்டு

ஐந்தாம் வகுப்பைத் தாண்டாத நான், காரிமங்கலத்தில் மைக்செட் கடை வைத்தேன், பந்தல் தொழிலை வளர்த்தேன், மாடி வீடு கட்டினேன். திருவிழாவுக்கு அம்மன் பாட்டையும் நானே எழுதி, தருமபுரி ஸ்டுடியோவில் நானே பாடினேன்.

பதிவு செய்த ஷமீனா கம்ப்யூட்டரில் ஒரு பட்டனை அழுத்தினாள். என் கரகரப்பு மறைந்து, யாரோ இளவட்டம் தேனாகப் பாடினான். ஆளையே மாற்றிவிட்டாள் என்று நினைத்தேன்.

“யாரு பாப்பா இவன்?”

“நீங்கதாங்க ஐயா. குரல இனிமையாக்கற எபெக்ட் ரெடியா இருக்கு, அதப் போட்டேன், அவ்ளோதான்.”

“எனக்கே காது குத்தறியா? மறுபடி போடு.”

கண்ணை மூடிக் கேட்டேன். பல்லவிக்கு முன்னால், குகைக்குள் தட்டியதுபோல் ‘டொக் டொக்’ என்றது. வாயைத் திறக்குமுன் மைக்கை இரண்டு தட்டு தட்டுவது என் தொழில் பழக்கம். அந்தத் தட்டு என்னுடையதுதான்.

“அந்தச் சத்தத்த வெட்டிடறேங்க.”

“வெட்டினா, இதுல நான் எங்க பாப்பா இருக்கேன்?”

தட்டலோடுதான் கோயிலில் பாட்டு ஒலித்தது. அந்தப் பட்டனை இன்றுவரை நான் முழுதாக நம்பவில்லை. ஊரோ என்னை நம்பவில்லை. பட்டன்தான் பாடியது என்கிறது. கோயில் கமிட்டியும் திருவிழா நோட்டீஸில் ஸ்டுடியோ பெயரை மட்டும் அடித்திருக்கிறது. பட்டன் மைக்கைத் தட்டிப் பார்க்குமா? பாடியவன் நான். என் பெயரைப் போடுங்கள்.